டிசம்பர்ல பனி இல்லாதப்ப ஒரு ஸ்கீ ரிசார்ட்ட எப்படி எடை போடறது

2012 ஜனவரி ஆரம்பத்துல அமெரிக்கால நிறைய ஸ்கீ ரிசார்ட்ட, அதாவது பனிச்சறுக்கு மலைங்கள, நடத்தற வெய்ல் ரிசார்ட்ஸ் கம்பெனி ஒரு அறிக்கை விட்டாங்க, அப்ப சிஇஓவா இருந்த ராப் காட்ஸ் அதுல ரெண்டு விஷயத்த ஒத்துக்கிட்டாரு. ஒண்ணு, ஜனவரி 6 ஆகியும் கொலராடோல வெய்ல் மலையோட பேக் பௌல்ஸ, அதாவது பின்பக்கம் கிண்ணம் மாதிரி இருக்கற பெரிய சரிவுகள, திறக்க முடியல, பனி பத்தாம இப்படி ஆனது 30 வருஷத்துல முதல் தடவை. இன்னொண்ணு, கலிஃபோர்னியா நெவாடா எல்லைல இருக்கற தாஹோ ஏரிப் பக்கம் டிசம்பர் பூரா பனியே விழல, 1800கள் கடைசிக்கு அப்புறம் அப்படி ஒரு டிசம்பர் வந்ததே கெடையாது. சீசன் முடிஞ்சு கணக்குப் பாத்தப்ப, முந்தின வருஷம் அமெரிக்கா முழுக்க 6 கோடியே 5 லட்சமா இருந்த ஸ்கீ விசிட் (ஒருத்தர் ஒரு நாள் ஸ்கீ பண்ணா ஒண்ணு) எண்ணிக்கை 5 கோடியே 10 லட்சத்துக்கு எறங்கியிருந்துச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா அதே 2011 டிசம்பர்ல பிரான்ஸ்ல வால் டிசேர்ங்கற ஊர்ல பனி இல்லன்னு அங்க நடக்கவேண்டிய பெண்கள் உலகக்கோப்பை சூப்பர் ஜிங்கற வேகமான ஸ்கீ ரேஸ எங்க மாத்தினாங்க தெரியுமா, வெய்லுக்குப் பக்கத்துலயே இருக்கற பீவர் க்ரீக்குக்கு. அமெரிக்க வீராங்கனை லின்ட்ஸி வான் அத ஜெயிச்சாங்க, அவங்களுக்கு அது சொந்த ஊர் மாதிரி. அதாவது இந்தப் பக்கம் ஒரு மலைல பௌல் எல்லாம் புல்லும் கல்லுமா கெடக்கு, கொஞ்ச தூரம் தள்ளி உலகத்தரத்துல ஒரு ரேஸ் நடக்குது. ரேஸ் நடந்த பாதைல இருந்தது பெரும்பாலும் மெஷின்ல செஞ்ச பனி. ரேஸ டிவில பாத்துட்டு "அடேயப்பா கொலராடோல பனி சூப்பரா இருக்கு"ன்னு டிக்கெட் போட்டவன் ஏமாந்திருப்பான், பேக் பௌல்ஸ் போட்டோவப் பாத்துட்டு இந்த வருஷம் ஸ்கீயே இல்லன்னு கேன்சல் பண்ணவனும் ஒரு வகைல ஏமாந்தவன்தான்.

என்னோட வாதம் என்னன்னா, பனி கம்மியா விழுந்த ஒரு டிசம்பர்ல ஒரு ரிசார்ட்டப் பாத்தா அந்த மலை நல்ல மலையா கெட்ட மலையான்னு நமக்கு ஒண்ணும் தெரியாது, அதுக்கு பிப்ரவரி மார்ச் வரணும். ஆனா அத நடத்தறவங்க எப்படிப்பட்டவங்கன்னு டிசம்பர்ல தெரியற அளவுக்கு வேற எப்பவும் தெரியாது. பனி அள்ளிக் கொட்டற வருஷத்துல எல்லா மேனேஜ்மென்டும் திறமைசாலிங்கதான்.

சரி முதல்ல மலையவே எடுத்துக்குவோம், ஏன்னா எந்த மேனேஜராலயும் மாத்தமுடியாத சில விஷயம் அங்கதான் இருக்கு, அதுக்காக யாரையும் திட்டவும் கூடாது பாராட்டவும் கூடாது. உயரம் ஒண்ணு. கொலராடோல அரப்பஹோ பேசினோட அடிவாரமே 10,780 அடி, லவ்லேண்ட் 10,800 அடி, ப்ரெக்கன்ரிட்ஜ் 9,600, கீஸ்டோன் 9,280, வெய்ல் 8,120. யூட்டால பார்க் சிட்டி அடிவாரம் 6,800 சில்லறை, தாஹோல பாலிசேட்ஸ் 6,200. நவம்பர்ல ஒரு புயல் வந்தா 10,000 அடிக்கு மேல பனியா விழறது 6,000 அடில மழையா விழும், அப்படியே பனியா விழுந்தாலும் ரெண்டு நாள்ல கரைஞ்சிடும். அதனாலதான் அரப்பஹோ பேசினும் லவ்லேண்டும் அக்டோபர்லயே யாரு முதல்ல திறக்கறதுன்னு போட்டி போடறாங்க. ஒரே ஒரு ரன் (சறுக்கி எறங்கற பாதை), பதினெட்டு இன்ச் பனி, அவ்ளோதான், அதுக்கே ஆயிரக்கணக்குல கூட்டம். அக்டோபர்ல திறந்துட்டாங்கங்கறத வச்சு டிசம்பர் நல்லா இருக்கும்னு முடிவு பண்றது தப்பு, அது பாதி விளம்பரம் பாதி திருவிழா.

உயரத்தவிட முக்கியமா நான் நெனைக்கறது தரை. இத யாரும் பெருசா பேசறதில்ல. பனிக்கு அடில என்ன இருக்குங்கறதுதான் எத்தன இன்ச்ல ஒரு ரன்ன திறக்கலாம்னு முடிவு பண்ணும். வெட்டிச் சமன் பண்ண புல்தரையா இருந்தா பத்து பன்னண்டு இன்ச் போதும், மேல க்ரூமர் வண்டிய ஓட்டி அமுக்கிட்டா ஸ்கீ பண்ணலாம். பாறையும் மரக்கட்டையுமா கெடக்கற சரிவுன்னா நாலடி அஞ்சடி விழுந்தாதான் மூடும். க்ரெஸ்டட் பியூட் மலையோட செங்குத்தான பகுதி, நியூ மெக்சிகோவோட டாவோஸ், ஜாக்சன் ஹோல், ஸ்நோபேர்ட் இதெல்லாம் ரெண்டாவது வகை. ஒரே அளவு பனி விழுந்தாலும் டீர் வேலி மாதிரி வழிச்சு வச்ச மலை பாதிக்கு மேல திறந்திருக்கும், பாறை மலை பத்து சதவீதம்கூட திறந்திருக்காது, ரெண்டாவது ரிசார்ட் சோம்பேறின்னு அர்த்தமில்ல. நல்லா ஸ்கீ பண்றவங்க ஆசைப்படற மலையெல்லாம் பெரும்பாலும் பாறை மலைதான், அதனால வறண்ட டிசம்பர்ல நல்ல மலைங்கதான் மோசமா தெரியும்.

அப்புறம் எந்தப் பக்கம் பாத்த சரிவுங்கறது. வெய்ல்ல முன்பக்கம் வடக்கு பாத்தது, வெயில் படாது, பனி நிக்கும். பேக் பௌல்ஸ் பெரும்பாலும் தெற்கு பாத்தது, பனி செய்யற மெஷினான ஸ்நோ கன்னும் அங்க கெடையாது, முழுக்க இயற்கைப் பனிய நம்பின எடம். அந்த ரிசார்ட்டோட பேரே பேக் பௌல்ஸாலதான், ஆனா வறண்ட வருஷத்துல முதல்ல கைவிடறதும் அதுதான். புயல் எந்தத் திசைல இருந்து வருதுங்கறதும் சேரும். ஸ்டீம்போட்டுக்கு வடமேற்கு காத்து வேணும், தெற்கு கொலராடோல வுல்ஃப் க்ரீக்குக்கு தென்மேற்கு காத்து வேணும். 2017-18 சீசன்ல கொலராடோவோட தெற்குப் பக்கம் காஞ்சு கெடந்துச்சு, வடக்குப் பக்கம் பரவால்லாம ஓடுச்சு. அதனால "இந்த வருஷம் கொலராடோ வேஸ்ட்"னு மொத்தமா ஒரு வரில யாராவது சொன்னா அத காதுல வாங்காதீங்க.

இப்ப நம்பருக்கு வருவோம், ஏமாத்து வேலை அதிகமா நடக்கறது இங்கதான், சில சமயம் தெரிஞ்சே நடக்குது, சில சமயம் யாருக்கும் தெரியாமலே நடக்குது.

நவம்பர் டிசம்பர்ல எல்லாரும் ஷேர் பண்றது கலர் கலரா ஒரு மேப், "பனி இருப்பு சராசரில 50 சதவீதம்"னு. அமெரிக்க வேளாண்துறைக்குக் கீழ என்ஆர்சிஎஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க ஸ்நோடெல்ங்கற பேர்ல மேற்கு மலைகள் முழுக்க நூத்துக்கணக்கான ஸ்டேஷன் வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் பனிக்கு அடில ஒரு தட்டையான பை மாதிரி ஒண்ணு இருக்கும், மேல இருக்கற பனியோட எடைய வச்சு அது உருகினா எத்தன இன்ச் தண்ணின்னு சொல்லும். இத 1991-2020 காலத்தோட மீடியனோட, அதாவது நடு மதிப்போட, ஒப்பிட்டு சதவீதம் போடறாங்க. கருவி நல்ல கருவி, தப்பு நாம படிக்கற விதத்துல. உதாரணத்துக்கு நவம்பர் கடைசில ஒரு எடத்துல வழக்கமா 3 இன்ச் தண்ணி இருக்கணும்னு வச்சுக்குங்க, இப்ப ஒன்றரை இன்ச்தான் இருக்கு, அதனால 50 சதவீதம். ஒரே ஒரு பெரிய புயல் வந்து ஒன்றரை இன்ச் தண்ணி அளவுக்கு பனி கொட்டிட்டா மூணே நாள்ல 100 சதவீதம். அதே எடத்துல ஏப்ரல் 1ஆம் தேதி வழக்கமா 16 இன்ச் இருக்கணும், இருக்கறது 8ன்னா அதுவும் 50 சதவீதம்தான், ஆனா அந்த எட்டு இன்ச் பள்ளத்த நிரப்ப அஞ்சாறு பெரிய புயல் வேணும், அதுக்கு நாள் இல்ல. ரெண்டும் 50 சதவீதம், ஒண்ணு பயப்படவேண்டியதில்ல, இன்னொண்ணு தண்ணிப் பஞ்சம். 2015 ஏப்ரல் 1ல கலிஃபோர்னியாவோட சியரா நெவாடா மலைத்தொடர் மொத்தத்துக்கும் 5 சதவீதம்னு வந்துச்சு, அப்ப கவர்னரா இருந்த ஜெரி ப்ரௌன், பனி அளக்கற எடமான ஃபிலிப்ஸ் ஸ்டேஷன்ல போய் நின்னு தண்ணிக் கட்டுப்பாடு அறிவிச்சாரு, வழக்கமா அந்த எடத்துல பல அடி பனி இருக்கணும், அவரு நின்னது காஞ்ச புல்லு மேல. அந்த அஞ்சு சதவீதம் நெஜமான அஞ்சு சதவீதம். நவம்பர் கடைசி தேங்க்ஸ்கிவிங் வாரத்து அஞ்சு சதவீதத்துக்கு அந்த கனம் கெடையாது. அதே சியராவுல 1991ல குளிர்காலம் பூரா காஞ்சு கெடந்துட்டு மார்ச்ல கொட்டித் தீர்த்துச்சு, இன்னிக்கும் அங்க அத மிரக்கிள் மார்ச்னுதான் சொல்றாங்க.

பசிபிக் கடல் தண்ணி வழக்கத்தவிட குளிர்ந்தா லா நினா, சூடானா எல் நினோ, அத வச்சு சொல்ற பனி ஜோசியத்தையும் இதோட சேர்த்துக்கலாம். 2010-11 லா நினா, தாஹோல பனி மலை மலையா. அடுத்த வருஷம் 2011-12ம் லா நினா, என்ன ஆச்சுன்னு மேலயே பாத்தோம். 2022-23 தொடர்ந்து மூணாவது லா நினா குளிர்காலம், பொதுவா லா நினான்னா தெற்குப் பக்கம் வறட்சின்னுதான் பாடம், ஆனா அந்த சீசன்ல யூட்டா ஆல்ட்டால 903 இன்ச், கலிஃபோர்னியா மாமத்ல மெயின் லாட்ஜ்லயே 715 இன்ச்னு ரெக்கார்டு.

அடுத்து ரிசார்ட்டுங்க அவங்களே குடுக்கற பனி ரிப்போர்ட். டார்ட்மவுத் காலேஜ்ல ஜோனதன் ஜின்மன், எரிக் ஜிட்செவிட்ஸ்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியருங்க ஒரு ஆய்வு பண்ணாங்க. ரிசார்ட்டுங்க சொல்ற புதுப் பனி அளவு வார நாளவிட வீக்கெண்டுல 23 சதவீதம் கூடுதலா இருந்துச்சாம். வானத்துக்கு சனிக்கிழமை ஞாயித்துக்கிழமை தெரியுமா என்ன? அரசாங்க அளவீட்டுல அந்த மாதிரி வித்தியாசமே இல்ல. இத எது கொறச்சுச்சுங்கறதுதான் இன்னும் சுவாரஸ்யம், 2009 ஜனவரில ஒரு ஐபோன் ஆப்ல ஸ்கீ பண்றவங்களே அங்க நின்னு நெலவரம் போடற வசதி வந்துச்சு, செல்போன் சிக்னல் நல்லா இருந்த ரிசார்ட்டுங்கள்ல இந்த மிகைப்படுத்தல் சட்டுனு எறங்கிடுச்சு. இப்ப நிறைய ரிசார்ட்டுங்க பனி அளக்கற குச்சிக்கு நேரா லைவ் கேமரா வச்சிருக்காங்க. அத வச்சிருக்கற ரிசார்ட்டுக்கு நான் கண்ண மூடிக்கிட்டு ஒரு மார்க் கூடுதலா போடுவேன், கேமரா வச்சிருந்தும் வறண்ட டிசம்பர்ல மட்டும் அது "ரிப்பேர்"னு காட்டினா ரெண்டு மார்க் கொறைப்பேன்.

எத்தன ரன் திறந்திருக்குங்கற எண்ணிக்கையும் நம்பக்கூடாது. ஒரே சரிவ மேல்பாதி கீழ்பாதின்னு ரெண்டு பேர் வச்சு ரெண்டு ரன்னா எண்ணலாம், நடுவுல இருக்கற இணைப்புப் பாதையும் ஒரு ரன். பாக்கவேண்டியது எத்தன ஏக்கர், எத்தன லிஃப்ட், மேல இருந்து அடிவாரம் வரைக்கும் ஸ்கீலயே வந்துட முடியுமா இல்ல கீழ வர திரும்ப லிஃப்ட்டுலயே ஏறணுமா, இதெல்லாம். வெர்மான்ட்ல கில்லிங்டன் சீசன் ஆரம்பத்துல கோண்டோலால (மூடின கேபிள் கார்) மேல கூட்டிட்டுப்போய், உச்சிக்குக் கிட்ட இருக்கற ரன்ல மட்டும் விட்டு, சாயந்தரம் அதே கோண்டோலால எறக்குவாங்க, அத வெளிப்படையா சொல்லியும் விடுவாங்க, அது நேர்மை. இருபது சதவீதம் திறந்திருக்குன்னு மட்டும் சொல்லிட்டு அந்த இருபதும் பச்சைக் கலர் பிகினர் ரன்னுதான்னு நாம போய்தான் கண்டுபிடிக்கணும்னா அது வேற. நூறு பேர் போகவேண்டிய ஒரு ஒத்தையடி வெள்ளைப் பாதைல ஆயிரம் பேர் எறங்கற நெலமைக்கு அமெரிக்க ஸ்கீ ஆளுங்க வச்சிருக்கற பேர் ஒயிட் ரிப்பன் ஆஃப் டெத். அந்தக் கூட்டத்துல புதுசா கத்துக்கறவன், பறக்கறவன், ஸ்நோபோர்ட மாட்டிக்கிட்டு நடுவழில உக்காந்திருக்கறவன் எல்லாம் கலந்து இருப்பாங்க, பனி பத்தலங்கறத விட மோதல்தான் அங்க நெஜமான ஆபத்து.

ஸ்நோமேக்கிங், அதாவது மெஷின்ல பனி செய்யறதுதான், இந்தக் கதைல பெரிய அத்தியாயம். 1950ல கனெக்டிகட்ல ஸ்கீ செஞ்சு வித்துக்கிட்டிருந்த ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி, வேன் பியர்ஸ்னு மூணு பேர், பனி இல்லாம வியாபாரம் படுத்ததால, பெயின்ட் அடிக்கற கம்ப்ரசரையும் தோட்டத்து ஹோஸையும் சேர்த்துக் கட்டி தண்ணியக் காத்தோட பீச்சிப் பாத்தாங்க, பனி வந்துடுச்சு. இன்னிக்கு இருக்கற மெஷினெல்லாம் அடிப்படைல அதேதான். இதுல நிறைய பேருக்குப் புரியாதது, தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழ போனாப் போதும்னு நெனைக்கறது. முக்கியம் வெட் பல்ப் வெப்பநிலை, அதாவது காத்தோட சூடும் ஈரமும் சேர்ந்த கணக்கு. மண்பானைத் தண்ணி எப்படி காஞ்ச காத்துல ஜில்லுனு ஆகுதோ அதே கதைதான், பீச்சின துளில கொஞ்சம் ஆவியாகி மிச்சத்தக் குளிர்விக்கும், காத்து எவ்ளோ வறண்டிருக்கோ அவ்ளோ வேகமா. வெட் பல்ப் மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு எறங்கினா பனி செய்யலாம். ஈரப்பதம் 20 சதவீதம்தான்னா வெளில பிளஸ் 1 டிகிரி இருந்தாக்கூட மெஷின் ஓடும், ஈரப்பதம் 95 சதவீதம்னா மைனஸ் 1லயும் ஓடாது. கொலராடோவும் யூட்டாவும் காஞ்ச காத்து ஊர், அங்க இது பெரிய வரம். கடலுக்குக் கிட்ட இருக்கற வாஷிங்டன், ஓரிகன் மலைகளுக்கு அந்த வரம் கெடையாது.

இதனால மோசமான வருஷம்னா ரெண்டு வகை, இதப் பிரிச்சுப் பாக்காம ரிசார்ட்ட எடை போடவே முடியாது. ஒண்ணு குளிர் இருக்கும் ஆனா புயல் வராது, 2011-12 டிசம்பர் தாஹோ மாதிரி. மேகமே இல்லாத ராத்திரி, காஞ்ச காத்து, ஸ்நோ கன் வச்சிருக்கறவன் ராஜா. ஹெவன்லியும் நார்த்ஸ்டாரும் தாஹோல பெரிய ஸ்நோமேக்கிங் வச்சிருக்கற ரிசார்ட்டுங்க, அந்த மாதிரி டிசம்பர்ல அவங்களால கடை நடத்த முடியும். இன்னொரு வகை புயல் வரும் ஆனா குளிர் இருக்காது, எல்லாம் மழையாப் போயிடும், 2014-15ல மேற்குக் கடலோர மாநிலங்கள்ல நடந்தது இதுதான். அப்ப கோடிக்கணக்குல கொட்டி வாங்கின மெஷினும் சும்மா நிக்கும். தெற்கு ஓரிகன்ல மவுன்ட் ஆஷ்லாண்ட்னு ஒரு சின்ன மலை, 2013-14 சீசன்ல ஒரு நாள் கூட திறக்கவே இல்ல, அவங்க வரலாற்றுல அப்படி ஆனது முதல் தடவை. அந்த மாதிரி எடத்துல மேனேஜ்மென்ட்டக் கொறை சொல்லி என்ன பண்ண.

செலவும் சாதாரணம் இல்ல. ஒரு ஏக்கர்ல ஒரு அடி பனி போட கிட்டத்தட்ட 6 லட்சத்துலேர்ந்து ஏழரை லட்சம் லிட்டர் தண்ணி வேணும், அது ஆத்துல தண்ணி கம்மியா ஓடற நவம்பர் டிசம்பர்லதான் வேணும், அதனால தண்ணி உரிமை இல்லாத ரிசார்ட் எவ்ளோ காசு வச்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணமுடியாது. அரிசோனா ஸ்நோபௌல்ல சுத்திகரிச்ச கழிவுநீரை மட்டுமே வச்சு பனி செய்யறாங்க, அந்த மலைய புனிதமா நெனைக்கற நவஹோ, ஹோபி பழங்குடி மக்கள் வருஷக்கணக்குல கோர்ட்ல எதிர்த்தாங்க, கேஸ் தோத்துப்போச்சு, 2012ல மெஷின் ஓட ஆரம்பிச்சுடுச்சு. அங்க பனி எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு மார்க் போட எனக்கு மனசு வரல, அது தனிக்கதை.

மெஷின் பனிய கேவலமா பேசறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். யூட்டால விழற புதுப் பனில பத்துல ஒரு பங்கு கூட தண்ணி இருக்காது, அவ்ளோ லேசு, மெஷின் பனில பாதிக்குப் பாதி தண்ணி. அதனால பதினெட்டு இன்ச் மெஷின் பனிங்கறது பல அடி இயற்கைப் பனி அமுங்கி ஆனதுக்கு சமம், சீக்கிரம் கரையாது, மேல புதுசா விழறத பிடிச்சு வச்சுக்கும். டிசம்பர்ல எந்த ரிசார்ட் ஒரே ரன்ன மலை மாதிரி குவிக்காம அடுத்தடுத்த ரன்னுக்கு மெஷின நகத்தி பாதைய விரிக்குதுன்னு பாருங்க, வாரா வாரம் ஏக்கர் கூடுதான்னு. வெய்ல்ல 5,300 ஏக்கருக்கு மேல இருக்கு, மெஷின் எட்டறது அதுல சின்னப் பங்குதான், 2011-12ல பட்டதுக்கு அப்புறம் பல வருஷம் கழிச்சு 2019லதான் மலையோட மேல்பகுதிக்கு ஸ்நோமேக்கிங்க பெருசா விரிவாக்கினாங்க.

இனி கொஞ்சம் கனமான விஷயம். அக்டோபர் நவம்பர்ல கொஞ்சமா பனி விழுந்து, அதுக்கப்புறம் வாரக்கணக்குல வறண்ட குளிர் அடிச்சா, அந்த மெல்லிசான பனிக்குள்ள என்ன நடக்குது? கீழ தரை பூஜ்யம் டிகிரிகிட்ட, மேல காத்து மைனஸ் இருபது, நடுவுல அரை அடி பனி. நீராவி கீழருந்து மேல ஏறும், பனித்துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத பெரிய படிகமா மாறிடும், இத டெப்த் ஹோர்னு சொல்வாங்க. கொலராடோல இது ரொம்ப சகஜம். பிரச்சினை அப்ப தெரியாது, ஜனவரில நல்ல புயல் வந்து ரெண்டடி புதுப் பனி அது மேல உக்காந்ததும்தான் தெரியும், மொத்தமா வழுக்கிக்கிட்டு எறங்கும். 2012 ஜனவரி 22ஆம் தேதி, எல்லாரும் ஏங்கிக்கிட்டிருந்த பனி கடைசில வந்து சேர்ந்தப்ப, வெய்ல்ல ஒருத்தரும் விண்டர் பார்க்ல ஒருத்தரும் ஒரே நாள்ல பனிச்சரிவுல செத்துப்போனாங்க, ரெண்டுமே ரிசார்ட் எல்லைக்குள்ள. விண்டர் பார்க் வழக்கு கொலராடோ சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2016ல கோர்ட் சொன்னது, எல்லைக்குள்ள வர்ற பனிச்சரிவும் ஸ்கீயிங்ல இயல்பாவே இருக்கற ஆபத்துதான், அதுக்கு ரிசார்ட்ட பொறுப்பாக்க முடியாதுன்னு. எனக்கு அந்தத் தீர்ப்பு உறுத்துது, ஏன்னா எந்தச் சரிவுக்குப் போற கேட்ட எப்ப திறக்கணும்னு முடிவு பண்றது ஸ்கீ பண்றவன் இல்ல.

அதனால வறண்ட ஆரம்பத்துக்கு அப்புறம் பெரிய புயல் வந்தும் ஒரு ரிசார்ட் செங்குத்தான பகுதிய நாலு நாள் மூடியே வச்சிருந்தா "பணத்த வாங்கிட்டு திறக்க மாட்டேங்கறானுங்க"ன்னு உடனே கத்தக்கூடாது. ஆஸ்பென் ஹைலேண்ட்ஸ்ல ஹைலேண்ட் பௌல்னு ஒரு சரிவு, அங்க சீசன் ஆரம்பத்துல மலைப் பாதுகாப்பப் பாத்துக்கற பேட்ரோல் ஆளுங்களும் தன்னார்வலர்களும் வரிசையா பூட்ஸ் காலால மிதிச்சு மிதிச்சு அந்த டெப்த் ஹோர ஒடைச்சு அமுக்குவாங்க, அந்த வேலைக்கு பதிலா தன்னார்வலர்களுக்கு பாஸ் குடுப்பாங்க. இந்த மாதிரி அடித்தளம் போட்டு வைக்கற ரிசார்ட்டுக்குத்தான் ஜனவரி புயலோட பலன் சீக்கிரம் கெடைக்கும். இது எந்த ஆப்லயும் நம்பரா வராது.

திறக்காததுக்குக் காரணம் பனியா ஆளான்னும் பாக்கணும். 2021-22ல வாஷிங்டன் மாநிலத்துல ஸ்டீவன்ஸ் பாஸ்ங்கற ரிசார்ட்ல பனி தாராளமா இருந்துச்சு, லிஃப்ட் ஓட்ட ஆள் இல்ல, மலைல பெரும்பகுதி மூடிக்கெடந்துச்சு, பத்தாயிரக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டு புகார் குடுத்தாங்க. 2024 டிசம்பர் 27ல பார்க் சிட்டில பேட்ரோல் ஆளுங்க சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாங்க, மணிக்கு 21 டாலர் ஆரம்ப சம்பளத்த 23 ஆக்கச் சொன்னதுதான் அடிப்படைக் கோரிக்கை, கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஓடுச்சு, வருஷத்துலயே கூட்டம் அதிகமான வாரத்துல மலைல சொற்பப் பகுதிதான் திறந்திருந்துச்சு, லிஃப்ட் லைன்ல ஜனங்க மணிக்கணக்கா நின்னாங்க. பனி கம்மியான வருஷத்துல இந்த மாதிரி விஷயத்த மேனேஜ்மென்ட் ரொம்ப சுலபமா வானிலை தலைல கட்டிடலாம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பக்கத்து மலைல அதே உயரத்துல அதே திசைல என்ன திறந்திருக்குன்னு பாருங்க. பக்கத்துல முப்பது சதவீதம் இங்க பத்துன்னா கேள்வி கேக்கலாம்.

இதுக்கெல்லாம் பின்னாடி சீசன் பாஸ் வியாபாரம் இருக்கு, அதாவது முன்கூட்டியே காசு கட்டிட்டு சீசன்ல பல மலைல ஸ்கீ பண்ற பாஸ். 2008ல வெய்ல் ரிசார்ட்ஸ் எபிக் பாஸ 579 டாலருக்குக் கொண்டு வந்தாங்க, 2018-19ல போட்டிக்கு ஐகான் பாஸ் வந்துச்சு. வசந்த காலத்துல விலை கம்மி, போகப் போக ஏறும், டிசம்பர் ஆரம்பத்துலயெல்லாம் விற்பனையே முடிஞ்சிடும். அதாவது நாம முடிவெடுக்கற கடைசி நாள் வர்றது பனியப் பத்தி யாருக்கும் ஒண்ணுமே தெரியாத நேரத்துல. முன்னாடியெல்லாம் டிசம்பர் காஞ்சா ரிசார்ட் முதலாளிக்கு தூக்கம் போகும், இப்ப காச முன்னாடியே வாங்கி வச்சுட்டதால அந்த வானிலை ரிஸ்க்ல பெரும்பங்கு நம்ம தலைக்கு மாறிடுச்சு. பனி கம்மியா இருந்துச்சுங்கற ஒரே காரணத்துக்கு பணம் திரும்ப வராது. இத நான் மோசடின்னு சொல்லல, ஒரு நாள் டிக்கெட் விலையப் பாத்தா பாஸ் மலிவுதான், ஆனா விளம்பரத்துல யாரும் இத வாய்விட்டு சொல்றதில்ல. காஞ்ச டிசம்பர்ல கால்வாசி மலை திறந்து வச்சுட்டு முழு மலைக்கான நாள் டிக்கெட் விலைய அப்படியே வாங்கற ரிசார்ட் எது, கொறைச்சு வாங்கற ரிசார்ட் எது, இன்னிக்கு இவ்ளோ பேருக்குத்தான் டிக்கெட்னு நிறுத்தற ரிசார்ட் எதுன்னு குறிச்சு வச்சுக்குங்க. அரப்பஹோ பேசின் கூட்டம் தாங்கலன்னு 2019ல எபிக் பாஸ விட்டே வெளிய வந்தாங்க, ஐகான்ல சேந்தப்பவும் ஒரு ஆளுக்கு இத்தன நாள்தான்னு கணக்கு வச்சாங்க. வருமானம் போனாலும் பரவால்லன்னு எடுத்த முடிவு அது, பின்னாடி 2024ல ஐகான் வச்சிருக்கற ஆல்டெரா கம்பெனியே அத வாங்கிட்டாங்கங்கறது வேற விஷயம்.

கடைசில நீங்க யாருங்கறதப் பொறுத்துதான் பதில். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியால நம்ம ஆளுங்க நிறைய பேர் கிறிஸ்துமஸ் லீவுல புள்ளைங்களக் கூட்டிட்டு தாஹோ போவாங்க, ஆஃபீஸ் லீவும் ஸ்கூல் லீவும் அப்பத்தான், தேதிய மாத்த முடியாது. அவங்களுக்கு இயற்கைப் பனி எத்தன இன்ச்ங்கற கவலையே வேணாம், ஸ்நோமேக்கிங் எங்க பலமோ அங்க போங்க, தாஹோல ஹெவன்லி, நார்த்ஸ்டார், கொலராடோன்னா கீஸ்டோன் மாதிரி, புள்ளைங்க கத்துக்க அரை கிலோமீட்டர் நல்ல பாதை போதும், கூட்டம் வர்றதுக்குள்ள காலைல சீக்கிரம் போயிட்டு மத்தியானம் கெளம்பிடுங்க. ரூம் போடறப்ப கேன்சல் பண்ணமுடியறதா பாத்துப் போடுங்க, நூறு டாலர் கூட ஆனாலும். நல்லா ஸ்கீ பண்றவங்களா, தேதி கைல இருக்கா, அப்ப டிசம்பர் நெலவரத்த வச்சு எந்த மலையையும் தள்ளிடாதீங்க. தாஹோல கர்க்வுட் இதுக்கு நல்ல உதாரணம், அடிவாரமே 7,800 அடி, இயற்கைப் பனி கொட்டற எடம், ஸ்நோமேக்கிங் கொஞ்சம்தான், காஞ்ச டிசம்பர்ல ஹெவன்லி பக்கத்துல வச்சா பரிதாபமா இருக்கும். அந்த 2011-12 வறட்சிக்கு நடுவுல, 2012 பிப்ரவரில, வெய்ல் ரிசார்ட்ஸ் கர்க்வுட்ட 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கப்போறதா அறிவிச்சாங்க. ஹெவன்லியும் நார்த்ஸ்டாரும் ஏற்கனவே அவங்க கைல இருந்துச்சு, டிசம்பர்ல ஓட்ட அது ரெண்டும், பிப்ரவரி மார்ச்சுக்கு இது.